மதகைத் திறந்தவன்

அந்த மாதத்தில் மட்டும் பதினோரு பேர் கயற்கண்ணியிடம் ஊசி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. கையை நீட்டுவார்கள், அவள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பார்கள், நீட்டிய கை தானாகவே உள்ளே போய்விடும். ஒரு பெரியவர் மட்டும், "தப்பா எடுத்துக்காதேம்மா, உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு என்னவோ பண்ணுது. வேற நர்ஸ் இருந்தா வரச் சொல்லு" என்று நேராகவே சொன்னார். பன்னிரண்டாவதாக வந்தவள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. கயற்கண்ணியைக் கண்டதும் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். கயற்கண்ணி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அவளுடைய பெரியப்பா தெய்வசிகாமணி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. வெளியே போக வேண்டிய வேலை எதுவும் இல்லாத நாளிலும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார். அவருடைய தாத்தா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர், அப்பா ஓவர்சியர், அவரும் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். படகுத்துறையில் இறங்குகிற அந்நியன்கூட 'ஓவர்சியர் வீடு' என்று கேட்டால் போதும், கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த வீட்டு ஆள் யாரிடமும் தலையைச் சொறிந்து நின்றதில்லை. சொன்ன சொல்லை மாற்றியதில்லை. தம்பி பூமிநாதன் எட்டு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, தாயில்லாத அவன் மகளைத் தன் மகளாகவே வைத்திருந்தார்.

"என்னம்மா, மணி பதினொண்ணுதானே ஆகுது?"

"இனிமே போகப்போறதில்ல பெரியப்பா."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? பேரைச் சொல்லு. நான் வந்து கேக்கறேன்."

"ஏன்னு சொல்லியிருந்தாத்தான் பரவாயில்லையே" என்றாள் கயற்கண்ணி. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார். கைகழுவும் இடத்துக் கண்ணாடி மேல் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கூடத்துப் பீரோவின் கண்ணாடியிலும் ஒரு பழைய போர்வை தொங்கியது.

"இதெல்லாம் என்ன கூத்து?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மதகைத் திறக்கிறவன் முகம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது பெரியப்பா. உங்களுக்குத்தான் சொட்டு கிடையாதே. அது எங்கப்பா முகம்."

தெய்வசிகாமணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

தென்கரைக் குடியரசில் சொட்டு போட்டுக்கொள்ளாதவர்கள் கைக்குழந்தைகளும் அவரும்தான். ஆறு வருடங்களாக, ஆண்டுக்கொரு முறை, மதகு நாளன்று அரசாங்கம் ஒவ்வொரு குடிமகனின் நாக்கிலும் மூன்று சொட்டு விடுகிறது. இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தால், எழும்போது அந்த நினைவு உள்ளே இருக்கும். படம் பார்த்த மாதிரி இராது. அனுபவித்த மாதிரி இருக்கும். நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் வடகரை ஆட்கள் படகுகளில் வந்தது, நம்மவன் ஒருவன் அவர்களுக்காகப் பெரிய மதகைத் திறந்துவிட்டது, வெள்ளம் ஊருக்குள் பாய்ந்து அறுநூறு பேர் செத்தது, எல்லாமே அவரவர் கண்ணால் பார்த்த நினைவாக இருக்கும். அந்தக் காலையிலிருந்துதான் தென்கரை தனி நாடு ஆனது என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. அந்தக் காலையில் உண்மையாகவே மதகில் நின்றவர்களுக்கு மட்டும் சொட்டு கிடையாது. இரண்டு நினைவும் ஒரே தலையில் சேர்ந்தால் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படி நின்றவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர் தெய்வசிகாமணி ஒருவர்தான்.

"கயலு, இங்கே பாரு" என்றார். "நான் அங்கே நின்னவன். வடகரைக்காரன் ஒருத்தன்கூட வரல. அப்போ ரெண்டு கரையும் ஒரே நாடு. புயல் அடிச்சுது, தண்ணி ஏறுச்சு, மதகுக் கதவை இறக்கற சங்கிலி அறுந்துபோச்சு. அவ்வளவுதான். உங்கப்பன் விடியவிடிய மணல் மூட்டை தூக்கினான்."

"நீங்க நிறைய தடவை சொல்லியிருக்கீங்க. ஆனா நீங்க சொல்லும்போது யாரோ சொன்ன கதையைக் கேக்கற மாதிரி இருக்கு. இது அப்படியில்ல. கால்ல சேறு சில்லுன்னு ஒட்டினதுகூட எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பா சக்கரத்தைச் சுத்தறாரு. சுத்திட்டுத் திரும்பி..."

"நீ அப்போ பொறக்கவே இல்லையேம்மா!"

"அதுவும் தெரியும் பெரியப்பா" என்றாள். "முதல் வருஷம் மங்கலாத்தான் இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் தெளிவாயிட்டே வருது. இன்னும் ஒம்பது நாள்ல மதகு நாள். இந்தத் தடவை அவர் குரலும் கேக்கும்னு நினைக்கிறேன்."

அழுதிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. செத்துப்போன அப்பாவைப் பற்றிப் பேசுகிற குரலாகவே அது இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரல். தெய்வசிகாமணி இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பித்தானையும் மாட்டி, வெளியே இறங்கினார்.

பொது நினைவுத் துறையின் அலுவலகம் மதகைத் தாண்டி இருந்தது. மதகின் கைப்பிடிச் சுவர் ஓரமாக நாலைந்து பேர் பிஸ்கட்டும் பாலும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அந்த நினைவில் ஒரு நாய் வருமாம். ஒரு காது வெள்ளை. வெள்ளத்தில் அது அடித்துச் செல்லப்படுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குத்தான் பால். அப்படி ஒரு நாய் அன்றைக்கு அங்கே இல்லை என்பது தெய்வசிகாமணிக்கு மட்டும் தெரியும். பால் வைத்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபது வயதுகூட இராது.

துணை இயக்குநர் எஸ்தர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்; பல்வலிக்காரரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"வாங்க ஐயா. ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே வந்திருப்போமே."

"என் தம்பி முகத்தை எவன் அங்கே கொண்டுபோய் வச்சது?"

அவள் கேள்வி கேட்கவில்லை. கணினியில் எதையோ தேடினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் அவருடைய கையெழுத்து இருந்தது. அச்சடித்தது போன்ற, சாய்வில்லாத எழுத்து. 'அன்று மதகில் பணிசெய்தோரின் புகைப்படங்கள் தேவை' என்று அரசாங்கம் கேட்டபோது அவர் எழுதிய கடிதம். *எங்கள் குடும்பத்தின் பங்கு இந்த நாட்டின் நினைவில் இடம்பெறுவதே முறை. என் தம்பி அமரர் பூமிநாதனின் படத்தை இணைத்துள்ளேன். தக்க இடம் அளிக்கவும்.*

"நீங்க மூணு தடவை நினைவூட்டல் கடிதம் போட்டிருக்கீங்க ஐயா."

அவர் திரைக்கு அருகில் குனிந்து தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"முகங்களை நாங்க தேர்ந்தெடுக்கிறதில்ல. இயந்திரம்தான் எடுக்குது. வந்த படங்கள் நூத்திநாப்பது. எல்லாரும் நேரா கேமராவைப் பார்க்கிறாங்க. உங்க தம்பி மட்டும் பக்கவாட்டுல பார்க்கிறார். நேரா பார்க்காத முகத்தை யாரும் நம்பறதில்ல. அது அதைப் பிடிச்சுக்கிச்சு."

தெய்வசிகாமணிக்கு அந்தப் படம் எடுத்த நாள் நன்றாக நினைவிருந்தது. ஸ்டுடியோக்காரர் தயார் என்று சொன்ன நொடியில் கதவோரம் நின்ற அம்மா, "டேய் பூமி, காலரை மடிச்சு விடுடா" என்றாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அவ்வளவுதான்.

"எடுத்துடுங்க. ஒருத்தனும் திறக்கலைங்கறதுதான் உண்மை. சங்கிலி அறுந்துச்சு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"எனக்குத் தெரியும் ஐயா, சங்கிலிதான் அறுந்தது" என்றாள் எஸ்தர். "முதல் வருஷம் அப்படித்தான் செஞ்சோம். வெறும் புயல், வெறும் வெள்ளம். ஜனங்க எழுந்தாங்க, அழுதாங்க, வீட்டுக்குப் போனாங்க. வேற ஒண்ணும் நடக்கல. ரெண்டாவது வருஷம் எதிரியைச் சேர்த்தோம். எல்லையில நாலு நாள் கூச்சல், அப்புறம் பழையபடி மீன் விலை, பஸ் கட்டணம். மூணாவது வருஷம் துரோகியைச் சேர்த்தோம். அதுக்கப்புறம் இந்த நாட்டுல ஒரு வீட்டுலகூடக் கொடி ஏறாம இருந்ததில்ல. எதிரி மேல வர்ற கோபம் ஆத்தைத் தாண்டிப் போயிடும். துரோகி மேல வர்ற கோபம் இங்கேயே இருக்கும். பக்கத்து வீட்டைப் பார்க்க வைக்கும். எல்லாரும் ஒழுங்கா இருப்பாங்க."

"அப்போ நான் தெருவுல நின்னு உண்மையைச் சொன்னா?"

"பதினெட்டு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. நீங்க ஒருத்தர்." அவள் குரலில் ஏளனம் இல்லை. "வடகரையிலயும் இப்படி ஒரு துறை இருக்கு ஐயா. அவங்க ஞாபகத்துல படகுல வந்தவங்க நாமதான்."

தெய்வசிகாமணி நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் தம்பி மக கண்ணாடியில காகிதம் ஒட்டி வச்சிருக்கா" என்றார் கடைசியில்.

எஸ்தர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "முகத்தை எடுக்க முடியாது. எடுத்தா அந்த இடத்துல ஓட்டை விழுந்துடும். மாத்தலாம். மூணு நாள்ல வேற படம் கொடுங்க. அன்னிக்கு அங்கே இருந்த ஆளா இருக்கணும். மாத்தினதுக்கப்புறம் பழைய முகம் யாருக்கும் ஞாபகத்துல நிக்காது. உங்க பொண்ணுக்கும்தான்."

"என் படத்தை எடுத்துக்க."

அவள் அவர் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதே மூக்கு, அதே நெத்தி. அந்தப் பொண்ணுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது ஐயா."

அந்த மூக்கைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் பெருமை உண்டு. ஓவர்சியர் வீட்டு மூக்கு என்றே சொல்வார்கள். தெய்வசிகாமணி முதல் தடவையாக அதைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் அலுவலகக் குழுப்படம் இருந்தது. புயலுக்கு இரண்டு மாதம் முன்னால் எடுத்தது. நடுவில் அவர், பக்கத்தில் காண்டிராக்டர், பின்வரிசையில் மதகுக் கதவுகளைத் திறந்து மூடுகிற லஸ்கர்கள் ஆறு பேர்.

காண்டிராக்டர் செத்துப் பல வருடம் ஆகியும் அவர் மேல் இவருக்குப் பகை தீரவில்லை. மணலில் மண்ணைக் கலந்த ஆள். விரல் அந்த முகத்தின் மேல் வெகுநேரம் நின்றது. ஆனால் காண்டிராக்டருக்கு இரண்டு பெண்கள், பேரன் பேத்திகள், ஒரு கல்யாண மண்டபம். நாலு பேர் வந்து போகிற வீடு. குடும்பம் இருக்கிறவனின் முகத்தைக் கொடுப்பது பாவம் என்று விரலை நகர்த்தினார். ஒவ்வொரு முகமாகத் தாண்டினார். கல்யாணமானவன், பிள்ளை உள்ளவன், அண்ணன் தம்பி உள்ளவன். கடைசியில் விரல் பின்வரிசையின் ஓரத்தில் நின்றது.

மரியசெல்வம். மிஷன் விடுதியில் வளர்ந்த அநாதை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சங்கிலி அறுந்ததும் எல்லோரும் கரைக்கு ஓடினார்கள், தெய்வசிகாமணியும்தான். கையால் சுற்றுகிற பழைய சக்கரம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக் கதவை இறக்கப் போனவன் மரியசெல்வம் ஒருவன். "நீங்க போங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றான். பாதிக் கதவு இறங்கியது. அதனால்தான் சாவு அறுநூறோடு நின்றது. சக்கரத்தோடு அவனையும் தண்ணீர் கொண்டுபோனது.

அந்த முகத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, படத்தை உறையில் போட்டார்.

"சிரிக்கிறாரே" என்றாள் எஸ்தர், மறுநாள் அவர் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது. "உறவுக்காரங்க?"

"லஸ்கர்ம்மா. மதகடிக் கொட்டகையில படுத்துக் கிடந்தவன். வீடா வாசலா?"

"விசாரிச்சீங்களா?"

"எனக்குக் கீழே நாலு வருஷம் வேலை பார்த்தவன். எனக்குத் தெரியாதா?"

வாரிசு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சமும் சாயவில்லை. எஸ்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நேரா பார்க்கிறார். பரவாயில்ல, கண்ணைத் திருப்பிக்கலாம்."

மதகு நாளன்று காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. கயற்கண்ணி நாக்கில் மூன்று சொட்டு விட்டுக்கொண்டு பாயில் படுத்தாள். தெய்வசிகாமணிக்கு உள்ளே இருக்க முடியவில்லை. தெருவுக்கு வந்தார். நல்ல வெயில். கடைகள் திறந்தபடி இருந்தன. டீக்கடை பெஞ்சுகளில், பஸ்ஸுக்குள், பெட்ரோல் பங்கின் நிழலில், எங்கே பார்த்தாலும் ஜனங்கள் கண்ணை மூடிக் கிடந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது, அணைக்க ஆளில்லை. அவரே போய் அணைத்தார். ஊரில் நடமாடிக்கொண்டிருந்த ஒரே மனிதர் அவர்தான்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. தெரு முழுக்க, ஒரே நேரத்தில், எல்லோரும் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார்கள். அந்த இடம் எதுவென்று அவருக்குச் சொல்லத் தெரியும். துரோகி திரும்பிப் பார்க்கிற இடம்.

அவர் வீட்டுக்குள் ஓடினார். கயற்கண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பீரோவின் போர்வையைக் கண்டு, "இதை யாரு பெரியப்பா இங்கே தொங்கவிட்டது?" என்று கேட்டாள். இழுத்துப் போட்டாள். கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த பூமிநாதனின் படத்தைத் துடைத்து, "அப்பா படத்துக்கு மாலை வாடிப்போச்சு, சாயங்காலம் வாங்கிட்டு வரேன்" என்றாள். தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாளே அவள் வேலைக்குப் போனாள். எல்லோரும் கையை நீட்டினார்கள்.

நாலு மாதம் கழித்து நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கால்நடை டாக்டர். அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வர இருவரும் படகில் கிளம்பினார்கள். கயற்கண்ணி மாம்பழ நிறப் பட்டு உடுத்தியிருந்தாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல போறது வழக்கமா பெரியப்பா?"

"ஓவர்சியர் வீட்டுல எது செஞ்சாலும் அதுதான் வழக்கம்."

"அப்போ நானே தாலி கட்டிடவா?" என்று அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

உப்பளத் துறையில் ஒரு பெண்பிள்ளை ஏறினாள். நாற்பது வயது. கையில் துணிப்பை. அவள் கால் வைத்ததும் பேச்சு நின்றது. நின்றிருந்தவர்கள் வழி விடுவது போலப் பின்வாங்கினார்கள். ஒருவர் ஆற்றில் காறித் துப்பினார். அவள் யாரையும் பார்க்காமல் உட்கார இடம் தேடினாள். அவள் உட்காரப் போன இடங்களில் எல்லாம் ஒரு பையோ குடையோ முளைத்தது.

தெய்வசிகாமணி அவளுடைய பற்களைப் பார்த்தார். அந்த அகன்ற வாயைப் பார்த்தார்.

கயற்கண்ணி அவர் தோளைத் தொட்டாள். "முன்னால போயிடலாம் பெரியப்பா. அந்தப் பொம்பளையைப் பார்த்தாலே எனக்கு என்னவோ பண்ணுது. ஏன்னே தெரியல." அவள் முகம் உண்மையாகவே வெளிறியிருந்தது. பட்டுப்புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு படகின் முன்பக்கம் போய்விட்டாள். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"இங்கே உட்காரட்டுங்களா ஐயா?"

"உட்காரும்மா."

காலியான இடத்தில் அவள் உட்கார்ந்தாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தர்தான் முகம் சுளிக்கல" என்றாள். "நல்ல குடும்பத்துல பொறந்தவங்க. பார்த்தாலே தெரியுது."

இந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே அறுபத்தெட்டு வருடம் வாழ்ந்தவர் அவர். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"உன் தகப்பனார் பேரு என்னம்மா?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வெளியில சொல்றதில்ல ஐயா. மதகுல லஸ்கரா இருந்தாராம். எங்கம்மா உப்பளத்துல கூலி. மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சுத் தாலி கட்டறதுக்குள்ள வெள்ளம் வந்துடுச்சு. நான் வயித்துல. ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் முகத்தை நான் பார்த்ததே இந்த மதகு நாள்லதான். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. என் மூஞ்சிதான் அது."

தெய்வசிகாமணி குரலை அடக்கவில்லை. படகு முழுக்கக் கேட்கட்டும் என்றே பேசினார். "நான் ஓவர்சியர் தெய்வசிகாமணி. அன்னிக்கு அங்கே நின்னவன். உங்கப்பன் மதகைத் திறக்கலம்மா. மூடப் போனான். நாங்க எல்லாரும் ஓடிட்டோம், அவன் ஒருத்தன்தான் போனான். அவன் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். என் கையால கொடுத்தேன்."

முன்பக்கத்தில் கயற்கண்ணி திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். வயதான மனிதர் வெயிலில் எதையோ உளறுகிறார் என்கிற இரக்கம் அந்த முகங்களில் இருந்தது.

அந்தப் பெண் அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். உப்பில் ஊறிக் காய்த்துப்போன கைகள்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க" என்றாள். "உங்க மனசு யாருக்கும் வராது ஐயா. ஆனா அவர்தான் திறந்தாரு. நானும் அங்கேதான் நின்னேன்."